ஒரு மிளகுல போச்சு ஒலிம்பிக் ஃபைனல்! 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ரகசியம் நம்ம செட்டிநாட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கு

[திரையில்: வெள்ளைத் தட்டு. அதில் ஒரு சுண்டைக்காய், பக்கத்தில் ஒரு மிளகு.]

577. 577. ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கோர். ஆனா ஒருத்தர் ஃபைனலுக்குள்ள, இன்னொருத்தர் வெளியே!

2024 பாரிஸ் ஒலிம்பிக், ஆண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. ஃபைனலுக்கு எட்டு பேர்தான். எட்டாவதா ஜெர்மனியோட ராபின் வால்டர். ஒன்பதாவதா நம்ம சரப்ஜோத் சிங். எதை வச்சுப் பிரிச்சாங்க? இந்த மிளகை வச்சு.

டார்கெட்டோட நடுவுல இருக்கற பத்துப் புள்ளி வட்டத்தோட விட்டம் 11.5 மில்லிமீட்டர். நம்ம வத்தக்குழம்புல போடற சுண்டைக்காய் அளவுன்னு வச்சுக்கங்க. அதுக்குள்ள இன்னொரு வட்டம், 5 மில்லிமீட்டர். அதுதான் மிளகு. குண்டோட விளிம்பு அந்த மிளகைத் தொட்டா அதுக்கு 'இன்னர் டென்'னு பேரு. ஸ்கோர் சமமா வந்தா இன்னர் டென்னை எண்ணுவாங்க. வால்டருக்கு 17, சரப்ஜோத்துக்கு 16. அவ்வளவுதான்!

[திரையில்: ஆத்தங்குடிக் கல் பதித்த நீளமான பட்டாலை.]

தூரம் எவ்வளவுன்னு புரியணும்னா இந்தப் பட்டாலையை, அதாவது இந்த நீளக் கூடத்தைப் பாருங்க. தரையில பதிச்ச பத்து அங்குல ஆத்தங்குடிக் கல்லு 39-ஐ வரிசையா எண்ணி, அதுக்கு மேல கால் கல்லுக்குக் கொஞ்சம் கூட. அதுதான் 10 மீட்டர். அந்தக் கோடியில நிக்கற சுண்டைக்காயை இந்தக் கோடியிலேர்ந்து ஒத்தைக் கையால அடிக்கணும். 60 தடவை.

விதியை வேகமா முடிச்சிடலாம். குண்டு 4.5 மில்லிமீட்டர் ஈயம், மூக்கு தட்டையா இருக்கும், பேப்பர்ல வட்டமா சுத்தமான ஓட்டை போடறதுக்காக. பிஸ்டல் 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. ட்ரிக்கர் இழுக்க 500 கிராமாவது வேணும், எடை தொங்கவிட்டு சோதிப்பாங்க. மணிக்கட்டுக்குத் தாங்கல் கிடையாது. 60 ஷாட், 75 நிமிஷம். முடிஞ்சது!

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த வீடியோ எடுத்ததே இதுக்காகத்தான்.

[திரையில்: கானாடுகாத்தான் வீடு ஒன்று. தலைவாசலில் நின்று உள்ளே பார்க்கும் காட்சி.]

பெரிய வீடுகள்ல தலைவாசல்ல நின்னு பாருங்க. முகப்பு, வளவுங்கற முற்றம், இரண்டாங்கட்டு, கடைசியா பின்வாசல். வாசல் நிலைக்குள்ள நிலை, அதுக்குள்ள இன்னொரு நிலை, எல்லாம் ஒரே நேர்கோடு. கோடியில பின்வாசல் வெளிச்சம் நடுவுல நிக்கும். இப்ப ஒரு சாண் இடப்பக்கம் நகருங்க. பின்வாசல் எங்கேயும் போகலை, நிலைகள்தான் ஒண்ணை ஒண்ணு மறைக்க ஆரம்பிச்சிடுச்சு.

பிஸ்டல்ல குறி வைக்கறது இதேதான். கண்ணுக்குக் கிட்ட இருக்கற ரியர் சைட்ல ஒரு சதுரப் பள்ளம்: அது தலைவாசல் நிலை. குழல் நுனியில ஃப்ரண்ட் சைட்னு ஒரு கறுப்புக் கட்டை: அது உள்ளே தெரியற தூண். டார்கெட், அந்தக் கோடி வெளிச்சம். தூணுக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சம் சமமா இருக்கணும், தூண் தலையும் பள்ளத்தோட மேல்விளிம்பும் ஒரே மட்டத்துல இருக்கணும்.

இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் தவறுவாங்க. கண்ணை டார்கெட் மேல வைப்பாங்க. வேண்டாம்! மனுஷக் கண்ணால மூணு தூரத்தையும் ஒரே நேரத்துல தெளிவாப் பார்க்க முடியாது. ஃப்ரண்ட் சைட் கூர்மையாத் தெரியணும். டார்கெட் கலங்கலாத் தெரியட்டும், அது கலங்கித்தான் ஆகணும்.

ஏன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரெண்டு சைட்டுக்கும் நடுவுல சுமார் 33 சென்டிமீட்டர். 10 மீட்டர் அதைப் போல 30 மடங்கு. தூண் ஒரு பக்கம் 0.3 மில்லிமீட்டர் சாஞ்சா, அதாவது நோட்டுத்தாள் மூணு சேர்ந்த கனம், டார்கெட்ல அது 9 மில்லிமீட்டர். பத்து போய் ஒன்பது ஆயிடும். ஒரு மில்லிமீட்டர் சாஞ்சா 30 மில்லிமீட்டர், நேரா ஏழு!

ஆனா சைட் ரெண்டும் நேரா இருந்து, கை மட்டும் மொத்தமா 5 மில்லிமீட்டர் ஆடினா? டார்கெட்லயும் 5 மில்லிமீட்டர்தான். பத்து பத்தாவே இருக்கும். கை ஆடலாம், நிலைகள் ஆடக்கூடாது. ஒலிம்பிக் ஆட்களுக்கும் கை ஆடும், அதை நிறுத்த அவங்க போராடறதே இல்லை. எனக்கு இந்த விளையாட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

இன்னொண்ணு: டார்கெட்டோட கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர். அதோட நடுவுல குறி வைக்கக்கூடாது. கறுப்பு மேல கறுப்புத் தூண் வந்தா விளிம்பே தெரியாது. வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டு நிறுத்துவாங்க. அங்க குறி வச்சாலும் குண்டு நடுவுல விழற மாதிரி ரியர் சைட்டை கிளிக் கிளிக்கா முன்கூட்டியே திருகி வச்சிருப்பாங்க.

உங்க வீட்டுத் தலைவாசல்லேர்ந்து பின்வாசல் தெரியுதா? நடுவுல எத்தனை நிலை? ஊர்ப் பேரோட கமெண்ட்ல போடுங்க, ஆத்தங்குடி ஜெயிக்குதா, பள்ளத்தூர் ஜெயிக்குதான்னு பார்க்கலாம்.

[திரையில்: ட்ரிக்கர் மேல் ஒரு விரல், மெதுவாக.]

ட்ரிக்கர். வலது கைக்காரர் வெடுக்குன்னு இழுத்தா குண்டு கீழே இடப்பக்கம் போகும், ஏன்னா விரலோட சேர்ந்து மொத்தக் கையும் இறுகிடும். விரல் மட்டும் நேரா பின்னாடி வரணும். எட்டுப் பத்து நொடிக்குள்ள வெடிக்கலைன்னா இறக்கிடுங்க. அதுக்கு மேல பிடிச்சா கண் களைச்சுப்போகும், ஆட்டமும் கூடும். இறக்கறதுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க.

அப்புறம், பாரிஸ் ஒலிம்பிக்ல வைரலான அந்தப் போட்டோ. துருக்கியோட யூசுஃப் டிகேச், அப்ப 51 வயசு, ஒரு கை பாக்கெட்ல. ஸ்டைலுக்குன்னு நினைச்சீங்களா? பிஸ்டல்ல பாதிப் பேர் அப்படித்தான் நிப்பாங்க. சும்மா தொங்கற கை உடம்பை ஆட்டும், அதைக் கட்டிப் போடத்தான் பாக்கெட். அவர் வெள்ளி வாங்கினது கலப்பு அணியில, ஷெவ்வல் இலாய்தா தர்ஹான் கூட. கூட நின்னு சுட்ட அந்தப் பொண்ணை நிறையப் பேர் கவனிக்கவே இல்லை, அது எனக்கு வருத்தம். அவங்களும் பாக்கெட்ல கை விட்டுத்தான் சுட்டாங்க!

நிக்கற விதத்துக்கு ஒரு சோதனை சொல்றேன். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் எடுங்க, பிஸ்டல் எடையும் ஏறக்குறைய அதுதான். கண்ணை மூடிக் கையை நீட்டுங்க, திறந்து பாருங்க. குறியை விட்டு விலகிப் போயிருந்தா கையைத் திருப்பாதீங்க, பின்னங்காலை நகர்த்துங்க. கையைத் திருப்பினா தசை அதைப் பழைய இடத்துக்கே இழுத்துட்டுப் போகும்.

ஃபைனல்ல எல்லாருக்கும் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பம், மார்க்கும் தசமத்துல. ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9. அதுக்கு நடுப்புள்ளியிலேர்ந்து 0.8 மில்லிமீட்டருக்குள்ள விழணும். 2016 ரியோ, 50 மீட்டர் பிஸ்டல் ஃபைனல்ல கொரியாவோட ஜின் ஜோங்-ஓ நடுவுல 6.6 அடிச்சார். அந்த லெவல்ல அது பெரிய சறுக்கல். அங்கிருந்து ஏறி வந்து தங்கமே வாங்கினார், அந்தப் போட்டியில தொடர்ந்து மூணாவது ஒலிம்பிக் தங்கம்!

சரப்ஜோத்? அந்த மிளகைத் தவறவிட்டு மூணே நாள்ல, ஜூலை 30, மனு பாக்கர் கூடக் கலப்பு அணியில கொரியாவை 16-10-ல வென்று வெண்கலம்.

அடுத்த வீடியோ 25 மீட்டர் ராபிட் ஃபயர். 4 நொடியில 5 டார்கெட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குண்டு. 2012 லண்டன்ல விஜய் குமார் வெள்ளி வாங்கினது அதுலதான். பெல் பட்டனை அழுத்திட்டுப் போங்க.