ஹோஸ்டிங் விற்கிறீர்களா? எதை இலவசமாகக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

வணக்கம் மக்களே. நாகர்கோவிலில் இருந்து பேசுகிறேன். இன்றைய வீடியோ நம் மாவட்டத்தில் ரீசெல்லர் ஹோஸ்டிங், அதாவது பெரிய கம்பெனியிடம் வெப்சைட் வைக்கிற சர்வர் இடத்தை மொத்தமாக எடுத்து, பிரித்து விற்கிற தம்பி தங்கச்சிகளுக்கு. மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் என்று எங்கே போனாலும் வெப்சைட் செய்து கொடுத்துவிட்டு ஹோஸ்டிங்கையும் சேர்த்து விற்கிற யாராவது இருக்கிறார்கள். பேச உட்கார்ந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "பெரிய கம்பெனி டொமைன் ஃப்ரீ, எஸ்எஸ்எல் ஃப்ரீ, ஈமெயில் ஃப்ரீ என்று விளம்பரம் போடுகிறது. நான் எதை ஃப்ரீயாகக் கொடுத்து ஆள் பிடிக்க?"

என் பதில் இதுதான். காசு போட்டு வாங்கிக் கொடுக்கிற இலவசம் வேண்டாம். உங்கள் கைவேலையை இலவசமாகக் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த விளம்பரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மாதம் 79 ரூபாய், டொமைன் (சைட்டின் பெயர் முகவரி) இலவசம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுவதற்காக நான் எடுத்துக்கொண்ட தொகைதான் இது. கீழே பொடி எழுத்தில் பார்த்தால், நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. 79 பெருக்கல் 48, 3,792 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 4,475 ரூபாய் முதல் நாளே கையை விட்டுப் போகிறது. டொமைன் இலவசம் முதல் வருடத்துக்கு மட்டும். இடையில் விலகினால், திருப்பித் தருகிற பணத்தில் டொமைன் விலையைக் கழித்துக்கொள்கிற கம்பெனிகளும் உண்டு. நான்கு வருடப் பணம் முன்கூட்டியே கையில் வருவதால் அவர்களுக்கு இது கட்டுப்படியாகும். வருடா வருடம் பணம் வாங்குகிற நமக்கு ஆகாது. போதாக்குறைக்கு 2019-இல், ஹோஸ்டிங் அக்கவுண்டுகளை நிர்வகிக்க நாம் பயன்படுத்துகிற சிபேனல் மென்பொருள் தன் லைசென்ஸ் கட்டணத்தை அக்கவுண்ட் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிவிட்டது. அதனால் 'ஒரு வருடம் ஹோஸ்டிங்கே இலவசம்' என்று நீங்கள் கொடுத்தால், அந்த அக்கவுண்டுக்கான காசு சும்மா கிடக்காது, யாரோ ஒருவர் கட்டியாக வேண்டும்.

எஸ்எஸ்எல் பற்றி ஒரு வார்த்தை. சைட்டுக்கும் பார்க்கிறவருக்கும் நடுவே போகிற தகவலைப் பூட்டி அனுப்ப உதவுகிற சான்றிதழ் அது. லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற அமைப்பு 2015 டிசம்பரில் இருந்து எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. 90 நாள் சான்றிதழ்தான், ஆனால் சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாடிக்கையாளருக்கு என்றைக்காவது தெரிந்துவிடும். அன்றைக்கு உங்கள் மேல் வைத்த நம்பிக்கை மொத்தமும் போய்விடும்.

அடுத்து டொமைன். எனக்கு ரொம்பக் கவலை தருகிற விஷயம் இது. கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்துகிற அம்மா ஒருவர் போன் செய்தார். "மக்களே, வீடு என் பேரில இருக்கு, வெப்சைட்டு மட்டும் என் பேரில இல்லையாமே" என்றார். விஷயம் என்னவென்றால், சைட் செய்து கொடுத்த பையன் டொமைனை இலவசமாகக் கொடுத்திருக்கிறான். பதிவு செய்யும்போது அவன் பெயர், அவன் ஈமெயில், அவன் போன் நம்பர் எல்லாம் போட்டிருக்கிறான். அப்புறம் வேலைக்கு கல்ஃப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவன் திறந்தே பார்க்காத பழைய இன்பாக்ஸில் கிடக்கிறது. டாட் காம் டொமைன் காலாவதியானால் சில நாள் அவகாசம் கிடைக்கும், டொமைனைப் பதிந்து தருகிற ரெஜிஸ்ட்ரார் கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் மீட்க வேண்டுமானால் புதுப்பிக்கிற தொகையைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டும். அதுவும் முடிந்துவிட்டால் ஐந்து நாளில் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அம்மாவின் டொமைன் மீட்புக் காலத்தில் இருந்தது. பையனை வாட்ஸ்அப்பில் பிடித்து, பணத்தைக் கட்டி வாங்கினோம். அச்சடித்த விசிட்டிங் கார்டு, கூகுள் மேப்பில் கொடுத்த லிங்க், வாசல் போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். போயிருந்தால் அத்தனையும் வீண்.

பையன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இலவசமாகக் கொடுக்கிறோமே என்று தன் அக்கவுண்டிலேயே போட்டுவிட்டான், அவ்வளவுதான். ஆனால் இலவசமாகக் கொடுத்தாலும் டொமைன் வாடிக்கையாளர் பெயரில்தான் இருக்க வேண்டும். அவருடைய ஈமெயில், அவருடைய போன். இரண்டாம் வருடம் எவ்வளவு ஆகும் என்பதை முதல் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். இந்த இரண்டும் முடியாது என்றால் டொமைனை இலவசமாகக் கொடுக்கவே வேண்டாம், அவரையே வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று இப்போது அதிகமாகப் பார்க்கிறேன். 'இந்த மாதம் ஹோஸ்டிங் வாங்குகிறவர்களில் ஒருவருக்குக் குலுக்கல் முறையில் மொபைல் போன்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் லாட்டரிக் கடை, அதனால் குலுக்கல் நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. லாட்டரியை 2003-இலேயே தடை செய்துவிட்டார்கள். அதற்கும் முன்பே 1979-இல் பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் ஒன்று வந்துவிட்டது. பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கிப் போட்டுப் பரிசு கொடுப்பதைத்தான் அது தடுக்கிறது. பிஸ்கட் பாக்கெட், சோப்பு விளம்பரம் எல்லாவற்றிலும் 'இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது' என்று சின்னதாகப் போட்டிருப்பார்களே, அதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். ஹோஸ்டிங் பொருளா சேவையா என்று வாதாடலாம்தான். ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள். கொடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

'இலவசம்' என்ற சொல்லுக்கும் விதி இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொண்டு வந்தது. அதில் இலவச விளம்பரத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. 2023 நவம்பரில் இன்னொன்று வந்தது, 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டு. கேட்காத கூடுதல் சேவையைக் கூடையில் சேர்த்து டிக் போட்டு வைப்பது, 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்று பொய்யாகக் கடிகாரம் ஓட விடுவது எல்லாம் அதில் அடக்கம். ஹோஸ்டிங் விற்கிற பேஜ் டெம்ப்ளேட்டுகளில் இவை பாதி ரெடியாகவே வரும். வாங்கியதும் முதல் வேலையாக அவற்றை எடுத்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் எதைக் கொடுப்பது? வடசேரி கனகமூலம் சந்தையில் காய்கறி வாங்கினால் கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டுக் கொடுப்பார்கள். அது வாங்கின காயோடு சேர்ந்து அதே சட்டிக்குத்தான் போகும். ஹோஸ்டிங்குக்கான கொசுறும் அந்த மாதிரி இருக்க வேண்டும். டி-ஷர்ட், காபி கப், ஆன்லைனில் விளம்பரம் போடக் கிரெடிட் தருகிற கூப்பன் எல்லாம் சட்டிக்குள் போகாது. அந்தக் கூப்பனில் முதலில் விளம்பரக் கம்பெனி சொல்கிற தொகையைச் செலவு செய்தால்தான் கிரெடிட் ஏறும், பல பேருக்கு அது தெரிவதில்லை. 'ப்ரீமியம் தீம் ஃப்ரீ' என்று, காசு கொடுத்து வாங்க வேண்டிய சைட் டிசைனை லைசென்ஸ் பூட்டை உடைத்துக் கொடுப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அப்டேட் வராது, உள்ளே என்ன புரோகிராம் ஒளிந்திருக்கிறது என்றும் தெரியாது. ஒரே சர்வரில் இருக்கிற மற்றவர்கள் சைட்டும் சேர்ந்து மாட்டும்.

நான் முதலில் வைப்பது இடம் மாற்றிக் கொடுக்கிற வேலை, மைக்ரேஷன். பழைய ஹோஸ்டிங் பிடிக்காமல் இருக்கிறவர்கள் நிறைய பேர். மாற்றினால் சைட் நின்றுவிடுமோ, மெயில் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அப்படியே கிடக்கிறார்கள். அந்தப் பயத்தை நீங்கள் எடுத்துவிட்டால் அவர் உங்கள் வாடிக்கையாளர். செய்கிற முறை இப்படி. டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற பதிவுதான் டிஎன்எஸ். அந்தப் பதிவை மற்ற கம்ப்யூட்டர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது டிடிஎல். முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் டிடிஎல் மதிப்பைக் குறைத்துவிடுங்கள். பெரும்பாலும் 14400 வினாடி, அதாவது நான்கு மணி நேரம் இருக்கும். அதை 300 ஆக்குங்கள். முழு பேக்கப்பை எடுத்துப் புது சர்வரில் ஏற்றுங்கள். உடனே டிஎன்எஸ்ஸை மாற்றிவிடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் டொமைன் பெயரோடு புது சர்வரின் ஐபி எண்ணைப் போட்டு, சைட்டை நீங்கள் மட்டும் திறந்து பாருங்கள். புக்கிங் ஃபார்ம் போகிறதா, படம் எல்லாம் வருகிறதா, பிரவுசரைப் போன் அளவுக்குச் சுருக்கினால் சரியாகத் தெரிகிறதா. வாடிக்கையாளரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகுதான் மாற்ற வேண்டும். பழைய ஹோஸ்டிங்கைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டு வையுங்கள், தாமதமாக அங்கே போய் விழுகிற மெயிலை எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் மறப்பது மெயிலைத்தான். சைட் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

எந்த மாதத்தில் மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். கன்னியாகுமரி லாட்ஜ், ஹோம்ஸ்டே சைட்டுகளைக் கார்த்திகை, மார்கழியில் தொடாதீர்கள். ஐயப்ப சாமிமார் வருகிற சீசன், ஒவ்வொரு புக்கிங்கும் காசு. ஏப்ரல், மே பள்ளி விடுமுறையும் அப்படித்தான். ஜூன், ஜூலை மழையில் கூட்டம் குறையும், அப்போது கூப்பிட்டுச் சொல்லுங்கள். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிற சப்போர்ட் ஆளுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஈமெயிலைச் சரி செய்து கொடுப்பது. மெயில் நிஜமாகவே அந்த டொமைனில் இருந்துதான் வந்தது என்று காட்டுகிற டிஎன்எஸ் பதிவுகள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். மூன்றையும் போட்டுக் கொடுங்கள். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் இந்த விஷயத்தில் கெடுபிடியாகிவிட்டது. வாடிக்கையாளர் அனுப்புகிற கொட்டேஷன் ஸ்பாமில் விழுந்தால், அவருக்கு ஆர்டர் வரவில்லை என்று மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. உங்களுக்குச் சில நிமிட வேலை, அவருக்கு அது வியாபாரம்.

பேக்கப். எல்லோரும் 'தினசரி பேக்கப் இலவசம்' என்று எழுதுகிறார்கள். அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப்பே கிடையாது, சர்வர் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வேறு இடத்தில் வையுங்கள். எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல் அவ்வப்போது ஒன்றைத் திரும்ப ஏற்றியும் பாருங்கள். வடசேரிப் பக்கம் கோயில் நகை செய்கிற பட்டறை ஒன்றின் சைட்டில் ஒரு பிளக்இன் அப்டேட் ஆகி, நகைப் படம் எல்லாம் காணாமல் போய்விட்டது. நாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் தலைசாமான், ஒட்டியாணம் மாடல் பார்த்து ஆர்டர் கொடுப்பதே அந்தப் படங்களை வைத்துத்தான். வேறு இடத்தில் இருந்த பேக்கப்பை ஏற்றி, அன்று சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டு வந்தோம். அந்த அண்ணாச்சி இப்போது தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்கிறார். எந்தத் தள்ளுபடிக்கும் அப்படி யாரும் பேசுவதில்லை.

கடைசியாக, விலகிப் போகிறவருக்கும் கொடுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் போகலாம், முழு பேக்கப்பும் டொமைன் மாற்றுவதற்கான ஆத் கோடும் கேட்ட அன்றே கிடைக்கும்' என்று விலைப் பட்டியலிலேயே போடுங்கள். புதிதாகப் பதிந்த டாட் காம் டொமைனை முதல் 60 நாள் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பிறகு நீங்கள்தான் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்க மாட்டார்கள். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் வந்தேன் என்று என்னிடம் சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு.

அடுத்த வீடியோவில் மைக்ரேஷனை முழுக்க ஸ்கிரீனில் செய்து காட்டுகிறேன். ஒரு டெஸ்ட் டொமைன் ரெடியாக வைத்துக்கொண்டு உட்காருங்கள், கூடவே செய்து பார்க்கலாம்.