சுருதியை இறக்காத பாட்டு

(மார்ச் 1 அன்று மயிலாடுதுறையில் பாகவதர் பிறந்தநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

1910-ஆம் வருஷம் இதே மார்ச் 1-ஆம் தேதி, இதே ஊரில் பிறந்த பாடகரும் நடிகருமான எம்.கே. தியாகராஜ பாகவதருக்காகக் கூடியிருக்கிறோம். ஊரின் பெயர்ப்பலகை மயிலாடுதுறை என்று மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் எம்.கே.டி. என்பதில் இருக்கிற 'எம்' இன்றைக்கும் மாயவரம்தான். அந்த ஓர் எழுத்தை அவர் போன இடமெல்லாம் கொண்டுபோனார்.

என் அப்பா நகை செய்கிறவர். பாகவதர் குடும்பத்துக்கும் அதே தொழில் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. நகையை ஒட்டவைக்கப் பற்று வைக்கிற நேரத்தில் ஊதுகுழல் வாயில் இருக்கும். கன்னம் உப்பும், சுடர் வளைந்து போய் நகையின் மேல் குண்டுமணி அளவு இடத்தைத் தொடும். அதுவரை பாடிக்கொண்டிருந்த பாட்டு அந்த இடத்தில் நிற்கும். பொடி உருகி ஓடிப் பிடித்ததும் குழலை எடுப்பார், நகையைத் தண்ணீரில் முக்குவார், சுர்ரென்று ஒரு சத்தம் வரும். உடனே பாட்டு விட்ட எழுத்திலிருந்து தொடரும். 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதர் பாடிய 'மன்மத லீலையை' பாட்டு 'மன்மத லீ' என்று நின்றால் 'லையை' என்று வரும். தாளம் தப்பாது.

அது சாருகேசி ராகம் என்று எனக்குத் தெரியவே முப்பது வயதாகிவிட்டது. அப்பாவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை தெரியாது. ஆனால் கோயில் புறப்பாட்டில் நாகசுரக்காரர் சாருகேசியைத் தொட்டால் போதும், "நம்ம பாட்டு வாசிக்கிறான்டா" என்று என் தோளைத் தட்டுவார். ராகத்தின் பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் காதில் ராகத்தையே குடிவைத்தவர் பாகவதர். என்னைக் கேட்டால், அவர் செய்த ஆகப் பெரிய காரியம் அதுதான். தங்கத் தட்டு, வைரக் கடுக்கன் கதைகளையெல்லாம் அதற்கு அப்புறம்தான் வைப்பேன்.

சரி, திருச்சிக்கு ஒரு பயணம் போய் வந்தேன், அதைச் சொல்கிறேன். போன நவம்பர் 1, அவருடைய நினைவுநாள். 1959-இல் அந்தத் தேதியில் சென்னையில் காலமானார். உடலைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே ரசிகர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலை ரயிலில் கிளம்பினேன். ஐப்பசி மழை. குத்தாலம், ஆடுதுறை தாண்டும் வரை ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கும்பகோணத்தில் கொஞ்சம் வெளுத்தது. சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் வரப்பு வரைக்கும் நின்றது.

பாபநாசம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாகவதர் படங்களுக்குப் பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் பிறந்தது போலகத்தில். ராமையா என்பது பெயர். அண்ணன் வீட்டுக்கு வந்து இந்த ஊரில் பாடிப் பாடி, ஊரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1934-இல் 'பவளக்கொடி' எடுத்துப் பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் கே. சுப்பிரமணியத்துக்கும் பாபநாசம்தான் சொந்த ஊர். அங்கிருந்து மனதுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். 'ஹரிதாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் மாயவரம். பாட்டு போலகத்துச் சிவன். வாத்திய இசை ஜி. ராமநாதன், கொள்ளிடக் கரையில் இருக்கும் பிச்சாண்டார்கோவில்காரர். டி.ஆர். ராஜகுமாரி தஞ்சாவூர். என்.சி. வசந்தகோகிலம் சங்கீதம் கற்றது நாகப்பட்டினத்தில். படம் பிடித்தது கோயம்புத்தூரில், மூன்று தீபாவளி பார்த்து ஓடியது சென்னை பிராட்வே தியேட்டரில். ஆனால் அதில் கேட்கிற குரலும் பாட்டும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவை. இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

அந்த மூன்று தீபாவளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1944 தீபாவளிக்குப் படம் வந்தது. டிசம்பரில், பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரைக் கைது செய்தார்கள். அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, நிரபராதி என்று 1947 ஏப்ரலில் வெளியே வந்தார். அப்படியென்றால் 1945 தீபாவளிக்கும் 1946 தீபாவளிக்கும் ஜனங்கள் தியேட்டரில் அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் சிறையில் இருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். வெளியே வந்த பிறகு நடித்த படங்கள் முன்போல ஓடவில்லை. ஆனாலும் கச்சேரி பாடினார். அப்படி ஒரு திருவிழாக் கச்சேரியை அப்பா மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "படத்துல பார்த்த உடம்பு இல்லடா. குரல் மட்டும் அப்படியே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டார்.

திருச்சியில் அவருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. அது ஊர் செய்த மரியாதை. நான் போன விழா மிகச் சின்னது. காலையில் சமாதிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். மத்தியானம் ஒரு சிறு கூடத்தில் பாட்டு. அறுபது பேர் இருந்திருப்போம். முன்வரிசையில் ஒருவர் பாகவதர் கிராப்பு வைத்து, சரிகை அங்கவஸ்திரம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனாலே ஜவ்வாது மணத்தது. தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவராம். வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே இஸ்திரிப்பெட்டியின் சூட்டுத் தழும்பு, காய்ந்து பளபளவென்று இருந்தது. வயது எழுபதுக்கு மேல்.

அவர் முறை வந்ததும் ஹார்மோனியக்காரர், "ஐயா, ரெண்டு கட்டையில வச்சுக்கலாமா?" என்று கேட்டார். கட்டை என்பது சுருதியின் உயரம்; எண் ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். வயதை நினைத்து அன்பாகத்தான் கேட்டார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டார். "வேணாம் தம்பி. சுருதிய எறக்கிட்டா அது வேற யார் பாட்டோ ஆயிரும்." நாலு கட்டையில் எடுத்தார். எடுத்த எடுப்பு சுத்தம். பல்லவி முடிந்தது, அனுபல்லவியில் மேலே போகிற இடத்தைப் பிடித்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது, கையில் அந்தத் தழும்பு கூடச் சிவந்துவிட்டது. சரணத்துக்குப் போகவில்லை. "என் மூச்சு இதுவரைக்கும்தான்" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று வளர்த்த பாட்டு அது. நாடகக்காரர் எஃப்.ஜி. நடேசய்யர் திருச்சி மேடையில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக நிறுத்தியபோது பாகவதருக்குப் பத்து வயதுதான். அந்தப் பையனின் குரல் எங்கே எட்ட வேண்டியிருந்ததோ, அந்த உயரத்தில்தான் பின்னால் வந்த பாட்டுகளும் நின்றன. இப்போது மெல்லிசைக் குழுக்களில் அவற்றை இறக்கிப் பாடுகிறார்கள். கேட்க இதமாக இருக்கலாம். ஆனால் எட்ட முடியாததை எட்டிப் பிடிக்கிற அந்தத் தவிப்பு போய்விடுகிறது. என் அப்பாவைப் போன்றவர்களை மணலில் கட்டிப்போட்டது அந்தத் தவிப்புதான்.

அதனால் ரயிலில் திரும்பும்போது ஒரு முடிவு செய்தேன். இந்த ஊரில் பிறந்தநாளுக்குப் படத்துக்கு மாலை போடுவதோடு நிற்கக் கூடாது, பாட வேண்டும், அவர் நின்ற உயரத்தில் பாட வேண்டும் என்று நண்பர்களிடம் கேட்டேன். தை பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டு மாடியில் பயிற்சி நடக்கிறது. பட்டறையில் வேலை பழகுகிற பையன் ஒருவன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். முதல் வாரம் இரண்டரைக் கட்டைக்கே இருமினார்கள். இப்போது நாலில் பல்லவி நிற்கிறது.

மூன்று பேரும் அதோ திண்ணையோரம் காத்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணே, சுருதி போடுங்கள். நாலு கட்டை.