பழைய எஸ்.டி. 1100-ஐ ஏன் விற்க மறுக்கிறார்கள்? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி லண்டனிலிருந்து வந்திருக்கிறது. நேயர் இப்படி எழுதியிருக்கிறார்: "என் மைத்துனர் 1998-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஹோண்டா எஸ்.டி. 1100 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். புதிய வண்டி வாங்க வசதி இருந்தும் இதை விற்கமாட்டேன் என்கிறார். அவருடைய நண்பர்கள் சிலரும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார்கள். இது பழகிய பொருள் மீதுள்ள பாசம்தானா, அல்லது அந்த வண்டியிலேயே ஏதாவது விஷயம் இருக்கிறதா? நானும் ஒன்று வாங்கலாமா?"

பாசம் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பாசத்துக்காக வைத்திருக்கும் வண்டியைப் பெரும்பாலும் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலடித்தால் வெளியே எடுப்பார்கள். உங்கள் மைத்துனரைப் போன்றவர்கள் மழையிலும் குளிரிலும் அதை ஓட்டுகிறார்கள், ஸ்காட்லாந்துக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் கொண்டுபோகிறார்கள். அப்படி உழைக்கும் வண்டியை ஒருவர் விடாமல் வைத்திருக்கிறார் என்றால், கணக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு என்ன என்பதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் வண்டியை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். எஸ்.டி. 1100 சந்தைக்கு வந்தது 1990-இல். ஐரோப்பாவில் பான் யூரோப்பியன் என்ற பெயரில் விற்றார்கள். 2002 வரை, பெரிய மாறுதல்கள் அதிகம் இல்லாமல், ஏறத்தாழ அதே வடிவத்தில் தயாரித்தார்கள். 1084 சிசி, நீரால் குளிரும் வி-4 எஞ்சின் (நான்கு சிலிண்டர்கள் 'வி' வடிவில் பிரிந்திருப்பது), பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் நான்கு கார்புரேட்டர்கள், ஐந்து கியர், பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் டிரைவ், அதாவது செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டு. திறன் ஏறத்தாழ 100 குதிரைத்திறன். பெட்ரோல் நிரப்பினால் எடை 300 கிலோவைத் தாண்டும். இன்றைய கண்ணுக்கு இந்த எண்களில் வியக்க எதுவும் இல்லை. அந்த எஞ்சினை எப்படி உட்காரவைத்தார்கள், பெட்ரோலை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால்தான் சங்கதி புரியும்.

பெரும்பாலான நான்கு சிலிண்டர் வண்டிகளில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் அச்சு குறுக்காக இருக்கும். இதில் அது முன்பின்னாக, வண்டியின் நீளவாக்கில் இருக்கிறது. ஆகவே எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி பின்சக்கரத்தில் ஒரே ஒருமுறைதான் திரும்ப வேண்டியிருக்கிறது. குறுக்கு எஞ்சினோடு ஷாஃப்டைச் சேர்க்கும் வண்டிகளில் சுழற்சி இரண்டு முறை திரும்ப வேண்டும். அத்துடன், 90 டிகிரி கோணத்தில் பிரிந்த வி-4 இயல்பிலேயே அதிர்வு குறைந்தது. எட்டு மணி நேரம் கைப்பிடியைப் பற்றியிருந்தவருடைய விரல்கள் மரத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு வசதியும் இந்த அமைப்பிலேயே கிடைத்துவிடுகிறது. சிலிண்டர் தலைகள் இரண்டும் வண்டியின் இரு பக்கமும் வெளியே தெரிவதால், பக்கத்து ஃபேரிங்கை (வண்டியை மூடியிருக்கும் உறையை) கழற்றினால் வால்வு மூடி நேராகக் கைக்கு வரும். ரேடியேட்டரையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றிவிட்டுத்தான் வால்வைப் பார்க்க முடியும் என்ற நிலை இதில் இல்லை. வால்வு இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும், ஆனால் அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றும் தேவை அபூர்வமாகவே வருகிறது என்பது இந்த வண்டியை நெடுங்காலம் வைத்திருப்பவர்களின் பொதுவான அனுபவம்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். இதன் கொள்ளளவு 28 லிட்டர். அவ்வளவு பெட்ரோல் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அந்த எடையை வழக்கம்போல் எஞ்சினுக்கு மேலே தூக்கி வைக்காமல், இருக்கைக்கு அடியில் தாழ்வாக இறங்கும்படி டேங்கை அமைத்தார்கள். நிறைந்த டேங்கோடு வளைவில் சாய்ந்தாலும், தீர்ந்துபோகும் நிலையில் சாய்ந்தாலும், வண்டியின் போக்கில் பெரிய வேறுபாடு தெரியாததற்கு அதுவே காரணம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் பிராட் ஊர்ப் பக்கமாக ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள் வரும். 300 கிலோ வண்டியில் அங்கே போவது கட்டாயம் உழைப்புதான், ஆனால் பயந்து திரும்பும் அளவுக்கு இல்லை என்றால் இந்தத் தாழ்ந்த எடைதான் காரணம்.

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டேங்குக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடும். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு, 24 மணி நேரத்துக்குள் 1000 மைல், அதாவது 1609 கிலோமீட்டர் ஓட்டி முடிப்பவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. பெட்ரோல் பங்க் ரசீதுகள்தான் சாட்சி. எஸ்.டி. 1100-இல் நிறைந்த டேங்கோடு புறப்பட்டால் நடுவில் மூன்று முறை நிரப்பினால் போதும். 2010-இல் ஹோண்டா நிறுவனம் வி.எஃப்.ஆர். 1200 எஃப் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதிலும் வி-4, அதிலும் ஷாஃப்ட், திறனோ மிக அதிகம். ஆனால் டேங்க் 18.5 லிட்டர்தான். அதே தூரத்துக்கு நான்கைந்து முறையாவது நிற்க வேண்டும். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் அந்த வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

ஷாஃப்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செயினுக்கு எண்ணெய் போடுவது, இறுக்கிப் பிடிப்பது, ஸ்ப்ராக்கெட் மாற்றுவது என்ற வேலைகள் எதுவும் கிடையாது. பின்சக்கரத்தின் கியர் பெட்டியில் எண்ணெய் மாற்றுவதும், டயர் மாற்றும்போதெல்லாம் சக்கரத்தின் பல்லிணைப்புக்கு (சக்கரமும் கியர் பெட்டியும் பொருந்தும் பற்களுக்கு) மாலிப்டினம் பசை பூசுவதும் போதும். அந்தப் பசையை மறந்தவர்களுக்குத்தான் பல் தேய்ந்து செலவு வந்திருக்கிறது.

இதுவரை சொன்னவை வண்டியின் நல்ல குணங்கள். ஆனால் நல்ல குணங்களால் மட்டும் இந்த விசுவாசம் வந்துவிடவில்லை என்று நான் நினைக்கிறேன். இந்த வண்டியின் கெட்ட குணங்கள் எல்லாம் வெளியே வந்து முடிந்துவிட்டன என்பதுதான் அதைவிடப் பெரிய காரணம். 12 ஆண்டு உற்பத்தி, அதற்குப் பிறகு 20 ஆண்டுக்கு மேற்பட்ட ஓட்டம், காவல்துறை, லண்டனின் கூரியர் ஓட்டுநர்கள், நெடுந்தூரப் பயணிகள் எனப் பல தரப்பினரின் உழைப்பு, இவ்வளவும் கடந்த பிறகு எங்கே, எப்போது, என்ன கெடும் என்பது தெரிந்த விஷயமாகிவிட்டது. தெரிந்த குறைக்கு வைத்தியம் உண்டு. அந்த வைத்தியமும் பெரும்பாலும் சாதாரண ஸ்பேனராலும் ஸ்க்ரூ டிரைவராலும் செய்யக்கூடியது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆரம்ப வகைகளில், ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் 28 ஆம்பியர் அளவில் இருந்தது. அதிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் கனெக்டரில் சேரும். ஆண்டுக்கணக்கில் ஈரமும் அழுக்கும் ஏறி அந்த இணைப்பில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் பிளாஸ்டிக் பழுப்பாகி, பிறகு கறுத்து, கடைசியில் உருகி வயர்களோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு முதலில் எதுவும் தெரியாது. சூடேற்றும் கையுறையும் கூடுதல் விளக்குகளும் மாட்டியிருக்கும் ஒரு குளிர்கால இரவில் பேட்டரி சார்ஜ் ஆகாமல் நிற்கும்போதுதான் தெரியும். இதற்கான தீர்வு, கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று வயர்களையும் நேரடியாகப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறையை மேலே போட்டுவிடுவது. செலவு சொற்பம், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. மூன்றும் ஒரே நிறம் என்பதால் எதை எதோடு சேர்ப்பது என்ற குழப்பம் வேண்டாம். மூன்றும் ஒரே வகை மாறுமின்னோட்டத்தைக் கொண்டுவருபவை, வரிசை முக்கியமில்லை. 1996-லிருந்து 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வந்தது. உங்கள் மைத்துனருடைய வண்டி 1998 என்பதால் அவருக்கு இந்தக் கவலை இல்லை.

இதைப் போலவே, கார்புரேட்டர்களுக்கு அடியில், வி வடிவத்தின் நடுவே ஓடும் குளிர்நீர் ரப்பர் குழாய்கள் வயதானால் கெட்டியாகி வெடிக்கும். அவற்றை மாற்ற நான்கு கார்புரேட்டரையும் தூக்க வேண்டும், அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எனவே கார்புரேட்டரை எதற்காகத் தூக்கினாலும் அதே சமயத்தில் அத்தனை குழாயையும் மாற்றிவிடுவது விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையான ஸ்விங்ஆர்ம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரித்தானியா போன்ற நாடுகளில் இது கூடுதலாகவே வரும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் அச்சைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்பதால் அதற்கும் ஓர் ஆயுள் உண்டு. ஆனால் அது ஒரு லட்சம் கிலோமீட்டரையும் தாண்டி வரும் வேலை. வண்டி நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தால், பக்கவாட்டில் உள்ள காப்புகளின் மீது படுத்துக்கொள்ளும். கண்ணாடிகள் உடையாமல் கழன்று வரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எந்த ஓட்டுநரும் ஒருநாள் வண்டியைக் கீழே போடுவார் என்று வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்தது அதுதான்.

இப்போது, புதியதற்கு ஏன் மாறவில்லை என்ற கேள்விக்கு வருவோம். 2002-இல் எஸ்.டி. 1300 வந்தது. 1261 சிசி, எரிபொருள் ஊசிமுறை, மின்சாரத்தில் ஏறி இறங்கும் விண்ட்ஷீல்டு, 29 லிட்டர் டேங்க், கேம் அச்சைச் சுழற்றப் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் என எல்லா வகையிலும் முன்னேற்றம்தான். ஆனால் எஞ்சின் சூடு காலில் அடிக்கிறது என்ற புகார் இருந்தது. காவல்துறைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு மிக வேகமாகச் செல்லும்போது வண்டி நெளிகிறது என்ற புகாரும், ஒரு காவலரின் உயிரிழப்பும் சேர்ந்து, 2007-இல் பிரித்தானியக் காவல்படைகள் பல அதைச் சேவையிலிருந்து விலக்கின. அந்த வேகமும் அந்தச் சுமையும் சாதாரணப் பயணிக்கு வாய்ப்பதில்லை, எஸ்.டி. 1300-இல் நிம்மதியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவர்கள் ஏராளம். என்றாலும், தன் பழைய வண்டியை நம்புகிறவருக்கு மாறாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எஸ்.டி. 1300-உம் நின்றுபோன பிறகு அந்த வரிசையில் வாரிசே வரவில்லை. அதே ரகத்தைச் சேர்ந்த யமஹாவின் எஃப்.ஜே.ஆர். 1300-உம் ஐரோப்பாவில் விற்பனையை முடித்துக்கொண்டது. உயரமான அட்வென்ச்சர் வண்டிகளின் பக்கம் சந்தை போய்விட்டது. 2022-இல் ஹோண்டா கொண்டுவந்த என்.டி. 1100 நல்ல வண்டிதான், எடையும் குறைவு. ஆனால் அதில் பின்சக்கரத்துக்குச் செயின்தான். ஷாஃப்டும் காற்றுத் தடுப்பும் பெரிய பெட்டிகளும் ஒன்றாக வேண்டுமென்றால் பி.எம்.டபிள்யூவின் ஆர்.டி. போன்ற விலையுயர்ந்த ஒன்றிரண்டு வண்டிகள்தான் மிச்சம். உங்கள் மைத்துனர் புதியதை மறுக்கிறார் என்பதைவிட, அவர் கேட்பதைத் தரும் புதியது கடையில் குறைந்துவிட்டது என்பதே சரி.

நீங்கள் வாங்கலாமா என்றால், லண்டனில் இருப்பதால் ஒரு விஷயத்தை முதலில் பாருங்கள். மாசு கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும், அங்குள்ள மிகக் குறைந்த மாசு மண்டலம் (ULEZ) 2023 ஆகஸ்டு முதல் நகரின் எல்லா பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கு யூரோ 3 என்ற ஐரோப்பிய மாசுத் தரம் கேட்கிறார்கள். பொதுவாக 2007-க்குப் பிறகு பதிவான வண்டிகள்தான் அதில் தேறும். தேறாத வண்டியை ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். பழைய வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி, நைட்ரஜன் ஆக்சைடு அளவு வரம்புக்குள் இருப்பதாகச் சான்று பெற்று விலக்கு வாங்க வழி இருக்கிறது. எனவே நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தினமும் நகருக்குள் வேலைக்குப் போகத்தான் வண்டி வேண்டும் என்றால் சான்று இருந்தாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நெரிசலில் 300 கிலோவைத் தள்ளிக்கொண்டு போவது தண்டனை. உயரம் குறைந்தவர்களும், இதற்கு முன் பெரிய வண்டி ஓட்டாதவர்களும் நிதானமாக யோசிக்க வேண்டும்.

பிரேக்கையும் கவனியுங்கள். 1992-லேயே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும், பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் உள்ள வகை வந்துவிட்டது. 1996-லிருந்து அந்த வகையில் முன்பின் பிரேக்குகளையும் இணைத்தார்கள். ஏ.பி.எஸ். இல்லாத சாதாரண வகையும் கூடவே விற்றதால், ஆண்டை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால் அதன் எச்சரிக்கை விளக்கு, புறப்பட்ட சிறிது தூரத்தில் அணைகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி, ஸ்விங்ஆர்மின் அடிப்பக்கத்தையும் பற்றவைத்த இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருந்தால் விலை பேசவே வேண்டாம். 1996-க்கு முந்தையது என்றால் அந்த மூன்று மஞ்சள் வயர்களைக் காட்டச் சொல்லுங்கள். குளிர்நீர்க் குழாய்களை எப்போது மாற்றினார், பெல்ட்டை மாற்றினாரா, பல்லிணைப்புக்குப் பசை பூசிய ரசீது உண்டா என்று கேளுங்கள். வண்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டவர் இந்தக் கேள்விகளுக்குக் காத்துக்கொண்டிருப்பார், நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவார். முடிந்தால் உங்கள் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.