பலூன் இல்லாமல் வந்து இறங்கிய பிள்ளை

(தலைப்பு: மார்மன் ஊழியக்காரரின் அன்றாட வாழ்வில் விஞ்சி நிற்பது ஏற்றமே! இறக்கமே! அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் 'இறக்கமே' அணியின் முதல் பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்களே, அக்கா, இந்தப் பனியிலும் வண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கும் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பேச ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. எங்களை 'மார்மன்' என்று கூப்பிட வேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று அந்தச் சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதனால் அங்கே மட்டும் அது இருக்கட்டும், என் பேச்சில் 'சபை' என்றே சொல்கிறேன். நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள். கேட்டதைச் செய்வதுதான் மரியாதை. அந்தச் சபைப் பையன்கள் வீட்டை விட்டு இரண்டு வருஷம் வேறு ஊருக்குப் போய் மதத்தைப் போதித்து வருவதைத்தான் இங்கே 'ஊழியம்' என்கிறோம்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். 18 வயதில் ஒரு பையன் புது மொழி கற்கிறான், சமைக்கிறான், துணி துவைக்கிறான், முன்பின் தெரியாதவரிடம் பணிவாகப் பேசக் கற்கிறான் என்றார். திரும்பி வந்த யாரைக் கேட்டாலும் 'என் வாழ்க்கையின் மிகச் சிறந்த இரண்டு வருஷம்' என்கிறார்களே, அப்புறம் இறக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

சரி அண்ணா. ஆனால் தலைப்பில் 'அன்றாட' என்று ஒரு சொல் இருக்கிறது. நீங்கள் பேசியதெல்லாம் திரும்பி வந்த பிறகு சொல்வது. நான் அங்கே கழிகிற ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் எதிர் வீட்டுப் பையன் பள்ளியில் படிக்கும்போதே, பனி கொட்டினால் விடியற்காலையில் வந்து எங்கள் வாசலை அள்ளிவிடுவான். இருபது டாலர் கொடுத்தால், 'ஊழியத்துக்குச் சேர்க்கிறேன் ஆன்ட்டி' என்று சொல்லி வாங்கிக்கொள்வான். ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது, கையிலிருந்துதான் போட வேண்டும். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் 400 டாலராக இருந்ததை 2020 ஜூலையில் 500 ஆக்கினார்கள். 24 மாதத்துக்கு 12,000 டாலர். வாசல் வாசலாகப் பனி அள்ளியும் புல் வெட்டியும் அவன் சேர்த்த காசு அதில் கலந்திருந்தது.

எந்த நாடு என்று பிள்ளை தேர்ந்தெடுக்க முடியாது. அவனுக்கு வந்தது பின்லாந்து. முதலில் மொழிப் பயிற்சிக்கு ப்ரோவோவில் இருக்கும் மையத்தில் சில வாரம். எங்கள் தெருவிலிருந்து காரில் அரை மணி நேரம். ஆனால் அம்மா போய்ப் பார்க்கக் கூடாது, அவன் வீட்டுக்கு வரக் கூடாது. அந்த வாரங்களில் அந்த அம்மா ப்ரோவோ பக்கம் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். மையத்தைத் தாண்டி வண்டி ஓட்ட மனசு வராது என்றாள்.

நமக்குத் தமிழில் வேற்றுமை 8, பின்னிஷ் மொழியில் 15. அதைச் சில வாரத்தில் விழுங்கிவிட்டு, அக்டோபரில் வடக்கே ஓலு நகரத்தில் போய் இறங்கினான். டிசம்பரில் அங்கே சுமார் மூன்றரை மணி நேரம்தான் பகல் வெளிச்சம்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை 6.30க்கு எழுந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி, அப்புறம் தனியாக வேதப் படிப்பு, அப்புறம் துணை ஊழியக்காரரோடு படிப்பு. பத்து மணி வாக்கில் வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு வெளியே இறங்கினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் அறைக்குத் திரும்புவது. 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். நேரத்தை ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்று 2017இல் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் பத்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை நடுவில் கிடக்கிற நேரத்தை அவர்கள்தான் நடந்து தீர்க்க வேண்டும்.

கதவைத் தட்டுகிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கீழ்வாசலே பூட்டியிருக்கும், தட்டுவதற்குக் கதவு வரை போகவே வழியில்லை. அதனால் பேருந்து நிறுத்தத்தில் நின்று, குளிரில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு போகிறவர்களை வழிமறித்துப் பேச வேண்டும். அவனுக்கு முதலில் காதில் பதிந்த பின்னிஷ் வார்த்தை 'எய் கீத்தோஸ்'. 'வேண்டாம், நன்றி' என்று அர்த்தம். திட்டினால்கூடப் பரவாயில்லை ஆன்ட்டி, நாள் முழுக்க மரியாதையாக வேண்டாம் என்று சொன்னார்கள், அதுதான் தாங்கவில்லை என்றான்.

இதை எதிரணி மறுக்காது என்று நினைக்கிறேன். ஆனால் இதைவிடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. அது யார் கண்ணிலும் படுவதில்லை. இவர்கள் எப்போதும் இரண்டு பேர். இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவர் கண்ணிலும் காதிலும் மற்றவர் இருக்க வேண்டும் என்பது விதி. கூட இருப்பவரை இவர் தேர்ந்தெடுப்பதில்லை, அந்தப் பகுதி ஊழியக்காரர்களுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர்தான் முடிவு செய்கிறார். நாம் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள், ஒரே அறையில் ஆறு பேர் படுத்தவர்கள்தான். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம், கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிடுவோம். இவனுக்கு மொட்டை மாடி கிடையாது. அழ வேண்டும் என்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். இதை அவன் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

துணைவன் உடன்பிறப்பைப் போல ஆகிவிடுவான் என்றார் அண்ணன். ஆகலாம். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் வருகிறது. இரண்டு வருஷத்தில் அப்படிப் பதினேழு முறை வரும். ஒவ்வொரு முறையும் ஆள் மாறாது என்றாலும், ஒத்துப்போனவன் எந்த முறை போவான் என்று தெரியாது.

எதிரணியில் அக்கா சொன்னார், இப்போதுதான் வாரா வாரம் வீட்டுக்குப் பேசலாமே என்று. உண்மைதான். முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். 2019 பிப்ரவரியில் இதை மாற்றினார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் அக்கா, நீங்களும் ஒரு அம்மா. வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு மாதிரி. அதில் துணி துவைக்க வேண்டும், மளிகை வாங்க வேண்டும், முடி வெட்டிக்கொள்ள வேண்டும், மாலை ஆறு மணிக்கு மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டும். இதற்கு நடுவில் போன். பக்கத்திலேயே துணைவன். திரையில் அம்மா, அப்பா, தாத்தா, தம்பி எல்லாரும் சிரித்துக்கொண்டு கையாட்டுகிறார்கள். 'என்னால் முடியவில்லை' என்ற வார்த்தை எப்படி வெளியே வரும்?

அப்புறம் கணக்கு. இந்த வாரம் எத்தனை பேருக்குப் போதித்தாய், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள் என்று வாரா வாரம் சொல்ல வேண்டும். பிரேசிலுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போன நண்பன் படம் அனுப்புகிறான், வெள்ளை உடையில், தண்ணீரில் நின்றபடி. இவன் பக்கத்தில் பூஜ்யம். விதைத்த நிலம் வேறு, விளைச்சலை மட்டும் ஒரே மரக்காலில் அளந்தால் 18 வயசுப் பிள்ளை யாரை நொந்துகொள்ளும்? தன்னைத்தான்.

ஏற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜனவரியில் ஒரு மாலை, கடும் குளிரில், ஒரு பாட்டி உள்ளே கூப்பிட்டிருக்கிறார். உலகத்திலேயே தலைக்கு அதிகமாகக் காபி குடிக்கிற மக்களில் முன்னால் நிற்பவர்கள் பின்லாந்துக்காரர்கள். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுக்காமல் விட மாட்டார்கள். இவர்கள் சபையிலோ காபியும் கூடாது, டீயும் கூடாது. வந்த வீட்டில் கொடுத்த காபியை வேண்டாம் என்று சொன்னால் நம் வீட்டுப் பாட்டிகளின் முகம் எப்படி மாறும்? அப்படித்தான் மாறியிருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பாட்டி பெர்ரிப் பழச் சாற்றைச் சுட வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மதம் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவன் முகம் மலர்கிறது. அது ஏற்றம்தான், நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு மாலை.

மிட் ரோம்னி பெயரை எதிரணி எடுத்தது. 1966இலிருந்து இரண்டரை வருஷம் பிரான்சில் ஊழியம் செய்தவர், அதுதான் அவரைத் தலைவராக்கியது என்றார்கள். பெரும்பாலும் மறுப்பைத்தான் சந்தித்தேன் என்று அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். 1968 ஜூனில் அவர் ஓட்டிய காரில் எதிரே வந்த வண்டி மோதி, மிஷன் தலைவரின் மனைவி இறந்துபோனார். ரோம்னிக்கு அப்போது 21 வயது. அதையும் தாண்டி அவர் எழுந்து நின்றது பெரிய விஷயம். ஆனால் அதிபர் தேர்தலில் நின்றவரைக் காட்டி எதிர் வீட்டுப் பையனை அளக்காதீர்கள்.

சபைக்கும் இது தெரியும். ஊழியக்காரர்களுக்காக அவர்களே ஒரு கையேடு போட்டிருக்கிறார்கள். அதில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறமாகப் பிரித்து, எந்த நிறத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். உடம்போ மனசோ இடம் கொடுக்காதவர்கள் வீட்டிலிருந்தே சேவை செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள். இறக்கம் சின்ன விஷயமாக இருந்தால் இதெல்லாம் எதற்கு?

பெண் பிள்ளைகள் படும் பாட்டை எனக்கு அடுத்துப் பேசும் தங்கை சொல்வாள். நான் விமான நிலையத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2020இல் புதிதாகத் திறந்தபோது, ஊழியம் முடித்து வருகிறவர்களை வரவேற்கக் குடும்பத்தோடு கூடுகிற கூட்டத்தை மனதில் வைத்தே தனியாக ஒரு வரவேற்பு அறை கட்டினார்கள். பலூன், பதாகை, பாட்டிமார், கைக்குழந்தைகள். பார்க்கிற நமக்கே கண் கலங்கும்.

அவன் எட்டாவது மாதத்தில் வந்தான். ஏப்ரல், ஒரு வியாழக்கிழமை ராத்திரி. அப்பா மட்டும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்கள், 'எப்போது திரும்பிப் போகிறாய்' என்று. அதற்கப்புறம் ஆறு வாரம் அவன் வாசல் பக்கமே வரவில்லை. அண்ணா, 'சிறந்த இரண்டு வருஷம்' என்ற அந்த ஒரே வாக்கியத்தை எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தால், எட்டு மாதம் இருந்தவன் எந்த வாக்கியத்தைச் சொல்வான்?

இன்று காலை எங்கள் வாசல் பனியை அள்ள வந்திருந்தான். மேடையில் உன்னைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். 'பேர் சொல்லாதீங்க ஆன்ட்டி. நான் ஓடி வந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க' என்றான்.

நடுவர் அவர்களே, அவன் ஓடி வரவில்லை. ஓலுவில் இருந்தவரை எல்லாச் செவ்வாய்க்கிழமையும் அந்த இருட்டில் 6.30க்கு எழுந்து, டை கட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருக்கிறான். தீர்ப்புச் சொல்லும்போது அந்தச் செவ்வாய்க்கிழமைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.