பத்தும் பறக்கவில்லை

தலைவர் அவர்களே, அலுவலுக்கு நடுவில் வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த கோயில் நிர்வாகத்தினரே, முன்வரிசையில் இருக்கும் தோட்டத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். காலையிலிருந்து நாற்காலி சுமந்த இளைஞர் மன்றத் தம்பிகளுக்குத் தனி வணக்கம்.

இரண்டு விஷயம் பேச வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம் - பர்மா ரயில் பாதை போட வைத்த கைதிகளின் முகாமுக்குள் இருந்த மேல் கீழ், அப்புறம் அதே பாதைக்குப் போன நம்மவர் கதை.

பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்றார் ஔவை. அந்தப் பத்தில் குலமும் உண்டு, தானமும் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அவர்களிடம் பிடிபட்ட நேச நாட்டு வீரர்களில் 60,000 பேருக்கு மேல் சயாம், அதாவது தாய்லாந்து - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. பசிக்குக் குறைவில்லை. ஆனாலும் குலம் பறக்கவில்லை. கைதியாகியும் அதிகாரி அதிகாரிதான், சம்பளம் அதிகம். சிப்பாய்க்குப் பாறை உடைத்தால் சில காசு. படுத்துவிட்டால் அதுவும் இல்லை.

டன்லப் என்று ஓர் ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவர். ஆறடி நாலங்குல மனிதர். மூங்கில் பரணில் வயிற்றுப்போக்கோடு கிடக்கிறவர்களைப் பார்க்கிறார். மருந்து இல்லை. ஆற்றில் படகு வருகிறது, படகில் வாத்து முட்டை இருக்கிறது, வாங்கக் காசு இல்லை. அதிகாரிகளிடம் போய், உங்கள் சம்பளத்தில் நோயாளிகளுக்குப் பங்கு கொடுங்கள் என்றார். எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்துவிடவில்லை. அவரும் விடவில்லை. அந்தக் காசு முட்டையாகி, எழுந்து உட்கார முடியாதவன் வாய்க்குப் போனது. பூன்பொங் என்ற தாய்லாந்து வியாபாரி உயிரைப் பணயம் வைத்துக் கைதிகளுக்கு மருந்து கடத்தினார். பசி வந்திடப் பத்தும் பறக்கும் என்கிறோமே, தானம் பறக்கவில்லை, பாருங்கள்!

சரி, நம்மவர்களுக்கு வருகிறேன். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அதே பாதைக்குப் போனார்கள். அவர்களோடு ராணுவ மருத்துவர் யாரும் போகவில்லை, சம்பளத்தில் பங்கு தர அதிகாரி இல்லை. காலரா வந்தபோது லயம் லயமாகச் செத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு அது ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

என் தாத்தாவின் அண்ணன் போனார், திரும்பவில்லை. வீட்டில் அவரைப் பெரியய்யா என்றே சொல்லிப் பழகி, சொந்தப் பெயர் இன்று யாருக்கும் தெரியவில்லை.

வாசல் மேசையில் நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலிருந்து போனவர் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தோட்டத்தின் பெயரையாவது எழுதுங்கள். முதல் பக்கத்தில் பெரியய்யா என்று நான் எழுதியிருக்கிறேன்.