மாத்திரைக்குள் நுழையும் நீர்

வணக்கம் நேயர்களே. சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்வோரில் பலருக்கு, அட்டையில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். (மருந்தைப் பல மணி நேரத்துக்கு மெதுவாக வெளிவிடும் வகை) என்று அச்சிட்ட மாத்திரையை மருத்துவர் எழுதித் தருகிறார். அதை உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும் என்று மருந்துக்கடையில் சொல்லி அனுப்புவார்கள். ஏன் என்பதை அநேகமாக யாரும் விளக்குவதில்லை. மாத்திரைக்குள் நீர் எப்படி நுழைகிறது என்பதில்தான் அதற்கான விடை இருக்கிறது.

மெட்ஃபார்மின் நீரில் மிக எளிதாகக் கரையும் மருந்து. அது வெளிவரும் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பெரும்பாலும் சேர்க்கப்படுவது, தாவரச் செல்லுலோஸிலிருந்து தயாரிக்கப்படும் ஹைப்ரோமெல்லோஸ் என்னும் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள். உலர்ந்த நிலையில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் கண்ணாடியைப் போல் இறுகிக் கிடக்கின்றன. வெப்பத்தால் மட்டும் அவற்றை இளக்குவதென்றால் சுமார் 170 டிகிரி செல்சியஸ் தேவைப்படும். ஆனால் நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்துவிட்டால், நம் உடலின் 37 டிகிரியிலேயே அவை இளகி, விரிந்து, கூழாகிவிடுகின்றன.

ஆய்வகத்தில் 37 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் சுழலவிட்ட மாத்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஊறிய சப்ஜா விதையைப் போல வெளியே வழவழப்பான கூழும் உள்ளே இன்னும் நனையாத வெண்மையான நடுப்பகுதியும் தெரியும். உள்ளே போகும் நீரும் கரைந்து வெளியேறும் மருந்தும் அந்தக் கூழைக் கடந்தே ஆகவேண்டும். நேரம் செல்லச்செல்லக் கூழ் தடிப்பதால் மருந்து கடக்க வேண்டிய தொலைவும் கூடுகிறது. 1961-இல் களிம்புகளை ஆராய்ந்து மருந்து வேதியியல் அறிஞர் ஹிகுச்சி வகுத்த சமன்பாட்டின்படி, வெளியேறும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் ஒரு மணி நேரத்தில் வந்த அளவு இருமடங்காவதற்கு மொத்தம் நான்கு மணி நேரம் ஆகும். வீங்கும் மாத்திரையில் வெளிப்புறக் கூழ் சிறிது சிறிதாகக் கரைந்தும் போவதால் இந்தக் கணக்கு ஓரளவுக்கே பொருந்தும் என்றாலும், போக்கு அதுதான்.

தொடக்கச் சில நிமிடங்களே மிக முக்கியமானவை என்பது என் கருத்து. கூழ் உருவாகத் தாமதமானால், நுண்துளைகள் வழியே நீர் நடுப்பகுதி வரை பாய்ந்து மாத்திரை சிதைந்துவிடும். பல மணி நேரத்துக்கு உரிய மருந்து ஒரேயடியாக வெளிப்படும். மாத்திரையைப் பொடித்து உண்பவர் தம்மை அறியாமல் இதையேதான் செய்கிறார். சிலருக்கு மலத்தில் மாத்திரை போன்ற மென்மையான பொருள் தென்படுவதுண்டு. அது பெரும்பாலும் மருந்தை இழந்த வெறும் பாலிமர் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

ஊசியாகச் செலுத்தப்படும் நுண்கோளங்களில், அதாவது மருந்தைப் பொதிந்த மிகச் சிறிய பாலிமர் உருண்டைகளில், நிலைமை வேறு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடப்படும் லியூப்ரோலைடு ஊசி ஒன்றில், லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களால் ஆன பாலிமர் பயன்படுகிறது. நீர் அதற்குள் விரைவில் பரவிவிடுகிறது. ஆனால் அந்த நீர், பாலிமர் சங்கிலியைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுக்க வாரக்கணக்கில் ஆகிறது. கிளைக்காலிக் அமிலத்தின் பங்கைக் கூட்டிச் சம அளவுக்குக் கொண்டுவந்தால் நீர் ஏற்பும் சிதைவும் வேகம் பெறும். இங்கே ஒரு சிக்கலும் உண்டு: பிணைப்புகள் அறும்போது உண்டாகும் அமிலம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கினால், மேற்பரப்பைவிட நடுப்பகுதி வேகமாகச் சிதையும், உள்ளிருக்கும் மருந்து புரதமாக இருந்தால் அதுவும் கெட்டுவிடக்கூடும். அந்த அமிலத்தைச் சமன்செய்ய மக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்களைக் கோளங்களுக்குள்ளேயே சேர்த்து ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர்.