காசிமேட்டுக் காற்றும் 280 ரூபாய் ரோம உறையும்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டை மொட்டை மாடியில், உங்களுக்குப் பழகிப்போன அதே தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், இன்று கொஞ்சம் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன். முதல் குறும்படத்தின் முதல் நாள் படப்பிடிப்பு அமர்க்களமாக முடிந்தது என்று சென்ற வீடியோவில் மார்தட்டினேன் அல்லவா? அந்தப் பேச்சை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அப்பாவின் விசைப்படகை விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளும் காட்சியை எடுத்தோம். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்திருக்கிறது. ஒலியைப் போட்டால், தங்கை வாயை அசைக்கிறாள், கடற்காற்று வசனம் பேசுகிறது.

மைக்கின் மேல் கறுப்புப் பஞ்சு உறை மட்டும்தான் இருந்தது. அது வாயிலிருந்து வரும் மூச்சுக் காற்றைத் தாங்குமே தவிர, கடற்கரைக் காற்றைத் தாங்காது. காற்று மைக்கின் சவ்வில் மோதி எழுப்பும் உறுமல் அளவு மீறிப் பதிவாகிவிட்டால், எடிட்டிங்கில் எந்த வித்தை காட்டினாலும் அதற்குள் சிதைந்த குரல் முழுசாகத் திரும்பாது. இதை அங்கேயே கண்டுபிடித்திருக்கலாம். ஹெட்போன் இருந்தது, அதைக் காதில் மாட்டாமல், இயக்குநர் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று மாலைபோலக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன்.

நேற்று மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், காற்றைத் தடுக்க மைக்கின் மேல் மாட்டும் ரோம உறை ஒன்று வாங்கினேன். பார்ப்பதற்கு நனைந்து காய்ந்த நாய்க்குட்டி வால் போல இருக்கும் இதற்குக் கடைக்காரர் முதலில் 450 ரூபாய் சொன்னார். நான் படியிறங்கினேன், 380 என்றார். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், 320 என்றார். வண்ணாரப்பேட்டையில் புடவை வாங்கும் என் அம்மாவை மனதில் நினைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன், 280க்கு முடிந்தது. இதே மாடியில் நேற்று மாலை சோதித்துப் பார்த்தேன். கொடியில் துணிகள் படபடத்தன, பதிவில் என் குரல் தெளிவாக இருந்தது.

டப்பிங் பேசிவிடலாமே என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் படங்கள் பல பத்தாண்டுகள் அப்படித்தான் வந்தன. ஆனால் எனக்கு அது பிடிக்காது, மூடிய அறையில் பேசிய குரலில் உப்புக்காற்று ஒட்டாது.

ஒன்றை விட்டுவிட்டேன், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்தால், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன்னால் கை தட்டுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில், இரண்டு கைகளும் சேரும் ஃப்ரேமையும் ஒலி அலையில் எழும் கூரான முனையையும் பொருத்தினால் படமும் ஒலியும் ஒத்துப்போகும், வேலை முடிந்தது. அதேபோல, யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டும் இடங்களை அதுதான் மூடும். நான் இரண்டையும் செய்யவில்லை.

அதனால் ஒலிக்காக மறுபடியும் காசிமேட்டுக்குப் போக வேண்டும், அதுவும் அவசரமாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். இன்ஜின் சத்தம், ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கும் ஒலி எதுவும் இப்போதுபோல இருக்காது. தடைக்காலம் தொடங்குவதற்குள் நடிகர்களை அதே இடத்தில் நிறுத்தி, கேமரா இல்லாமல் வசனத்தை மட்டும் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். தங்கையாக நடிக்கும் பெண்ணுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. காசிமேட்டில் கூட்டம் அலைமோதுவதும் ஞாயிறுதான்.